ஃபோல்ஃபாக்ஸா, ஃபோல்ஃபிரியா: தையற்காரர் அப்பாவுக்குக் கீமோ பார்த்த அனுபவம்

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், அது கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்பது தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். அதனால் யார் வீட்டிலாவது அதே நோய் வந்தால் எனக்குப் போன் வருகிறது. கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "எந்தக் கீமோ நல்ல பவரு? அதையே போடச் சொல்லிக் கேக்கலாமா?" போனில் அவசரமாகச் சொல்வதைவிட நிதானமாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. நான் மருத்துவர் இல்லை. டே கேர் வார்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததும், மருத்துவரிடம் கேட்டதும், தேடிப் படித்துக் கேட்டுச் சரிபார்த்ததும்தான் இதில் இருக்கிறது.

பவர் பற்றிய கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆரம்பத்தில் போடுகிற கூட்டு மருந்துகளுக்கு அடிப்படை 5-எஃப்யூ. 1957இல் வந்த பழைய மருந்து, இன்றும் அதை விட்டால் வழியில்லை. அதன் வேலையைக் கூட்ட லூகோவோரின் சேர்ப்பார்கள். இந்த இரண்டோடு ஆக்சாலிபிளாட்டின் சேர்ந்தால் ஃபோல்ஃபாக்ஸ். அதற்குப் பதில் இரினோடீகான் சேர்ந்தால் ஃபோல்ஃபிரி. 5-எஃப்யூவை இரண்டு நாள் பம்பில் ஏற்றாமல், உடம்புக்குள் போய் 5-எஃப்யூவாக மாறும் கேப்சைடபின் மாத்திரையைக் கொடுத்து, கூடவே ஆக்சாலிபிளாட்டின் ஏற்றினால் அது கேப்பாக்ஸ்.

பிரான்ஸ் மருத்துவர்கள் ஃபோல்ஃபாக்ஸையும் ஃபோல்ஃபிரியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு முதலில் ஃபோல்ஃபிரி, அது கேட்காமல் போனதும் ஃபோல்ஃபாக்ஸ். மறுபாதிப் பேருக்கு அப்படியே தலைகீழ். முதல் வரிசையினர் வாழ்ந்த காலத்தின் இடைநிலை 21.5 மாதம், இரண்டாவது வரிசையினருக்கு 20.6 மாதம். முதல் மருந்திலேயே கட்டி நன்றாகச் சுருங்கியவர்கள் 100க்கு 56 பேர், 54 பேர். கேப்பாக்ஸும் இப்படித்தான். 2008இல் வெளியான பெரிய ஆய்வில் அதற்கும் ஃபோல்ஃபாக்ஸுக்கும் 19.8, 19.6 மாதம் என்று வந்தது. பலனில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. உடம்பை எந்த இடத்தில் படுத்தும் என்பதில்தான் ஒவ்வொன்றும் வேறுபடுகிறது.

இந்த மாதக் கணக்கைப் பார்த்துப் பயந்துபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டியும் வாழ்ந்தார்கள் என்று பொருள். அதோடு இவை இருபது வருடத்துக்கு முந்தைய ஆய்வுகள். சிகிச்சையே இல்லாவிட்டால் சுமார் ஆறு மாதம், 5-எஃப்யூ மட்டும் என்றால் ஒரு வருடம் என்று இருந்த நிலை, கூட்டு மருந்துகளால் இரண்டு வருடத்தை நெருங்கியது. புற்றணுவின் வளர்ச்சிக்கு உதவும் குறிப்பிட்ட வழியை அடைக்கும் இலக்கு மருந்துகளும் சேர்ந்த பிறகு, ஆய்வுகளில் முப்பது மாதத்தை ஒட்டி வருகிறது. கல்லீரலில் உள்ள கட்டிகள் சுருங்கி அறுவை சிகிச்சைக்கு ஏற்ற நிலைக்கு வந்தால் கணக்கே மாறிவிடும். சிலர் முழுவதும் குணமாவதும் உண்டு.

அப்பாவுக்குக் கல்லீரலின் இரண்டு பக்கமும் நிறையப் புள்ளிகள் இருந்தன. மலத்தில் ரத்தம் வந்ததை மூலம் என்று சொல்லி வெகுநாள் மருந்து கொடுத்திருந்தார்கள். கொலோனோஸ்கோப்பி செய்தபோது இடதுபக்கப் பெருங்குடலில் கட்டி, ஸ்டேஜ் நான்கு. அறுவை சிகிச்சை இப்போதைக்கு முடியாது, கீமோ கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள்.

மதுரையில் எங்களுக்கு வாய்த்த மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்து முடித்ததும் மருந்தைப் பற்றிப் பேசவில்லை. "ஐயா, என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார்.

"தையல்தான் டாக்டரம்மா. திண்டுக்கல்ல கடை இருக்கு."

"சுகர் எத்தனை வருசமா இருக்கு? பாதம் மரத்துப்போகுதா? இங்க வந்துபோக எவ்வளவு நேரமாகும்? வீட்ல கூட யார் இருக்காங்க?"

அன்று அது ஊர்க்கதை விசாரிப்பதுபோல இருந்தது. மருந்தைத் தேர்வு செய்யவே அவர் கேட்டார் என்று பிறகுதான் புரிந்தது. ஆக்சாலிபிளாட்டின் விரல் நுனியின் உணர்ச்சியைக் குறைக்கும். சர்க்கரை நோயால் நரம்பு ஏற்கெனவே கெட்டிருந்தால் இன்னும் சிக்கல். இரினோடீகான் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் இல்லாத வயதானவருக்கு அது ஆபத்து. பம்பு என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும், மருந்து ஏற்ற நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் என்ற சின்னக் கருவியை வைக்க வேண்டும். மாத்திரை என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். ஆனால் வேளை தவறாமல் விழுங்க வேண்டும். உங்கள் மருத்துவர் இதையெல்லாம் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். தையற்காரர், நகைத் தொழிலாளி, நாகஸ்வரம் வாசிப்பவர், பூக்கட்டுகிறவர், கணினியில் தட்டச்சு செய்பவர் என்று விரலை நம்பிப் பிழைக்கிறவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டிய தகவல் இது.

5-எஃப்யூ, ஆக்சாலிபிளாட்டின், இரினோடீகான் மூன்றையும் ஒன்றாகப் போடும் ஃபோல்ஃபாக்சிரி பற்றியும் கேட்டேன். அது உண்மையிலேயே வலுவானதுதான். 2014இல் வெளியான இத்தாலிய ஆய்வில், கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் பெவசிசுமாப் ஊசியோடு ஃபோல்ஃபாக்சிரி போட்டவர்களில் கட்டி சுருங்கியவர்கள் 100க்கு 65 பேர், ஃபோல்ஃபிரி போட்டவர்களில் 53 பேர். நோய் மறுபடி வளராமல் நின்ற காலம் 12.1 மாதம், 9.7 மாதம். ஆனால் வெள்ளை அணு சரிவது, வயிற்றுப்போக்கு, நரம்புப் பாதிப்பு மூன்றுமே அதில் கூடுதல். வயது குறைவாக, உடம்பு திடமாக இருந்து, கட்டியைச் சீக்கிரம் சுருக்கி அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகலாம் என்றால் அது பொருந்தும். சர்க்கரையும் அறுபதைத் தாண்டிய வயதும் உள்ள அப்பாவுக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். அந்த முடிவில் எனக்கு இன்றுவரை திருப்தி.

கீமோ தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மறக்காமல் கேளுங்கள். பயாப்சி எடுத்த திசுவிலேயே மரபணுச் சோதனைகள் செய்யலாம். ராஸ் மரபணுவில் மாற்றம் இருந்தால் செடுக்சிமாப், பானிட்டுமுமாப் ஊசிகள் பலன் தராது. காசைக் கொட்டி அவற்றைப் போடுவது வீண். மாற்றம் இல்லாமல், கட்டியும் இடதுபக்கம் இருந்தால் அவை நன்றாக வேலை செய்யும். கட்டியின் அணுக்களில் மரபணுப் பிழையைத் திருத்தும் வேலை கெட்டிருக்கிறதா என்று காட்டும் எம்.எஸ்.ஐ. சோதனை இன்னும் முக்கியம். பரவிய நிலையில் 100க்கு ஐந்து பேர் அளவில்தான் அது அதிகமாக வரும். ஆனால் அவர்களுக்குக் கீமோவைவிட, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து நன்றாகக் கேட்கிறது. 2020இல் வந்த ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் போட்டவர்களுக்கு நோய் வளராமல் நின்றது 16.5 மாதம், கீமோவில் 8.2 மாதம். அப்பாவுக்கு எம்.எஸ்.ஐ. அதிகம் இல்லை, ராஸ் வகையில் ஒன்றான கே-ராஸில் மாற்றம் இருந்தது. ஆகவே கேப்பாக்ஸ், கூடவே பெவசிசுமாப் என்று முடிவாயிற்று.

ஆக்சாலிபிளாட்டினின் முதல் குணம், குளிர்ச்சி ஆகாது. ஏற்றிய அன்றிலிருந்து நாலைந்து நாள் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் ஊசி குத்தும், மின்சாரம் பாய்ந்ததுபோல இழுக்கும். ஃபிரிட்ஜ் தண்ணீரைத்தான் தவிர்க்கச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தோம். மார்கழிக் காலையில் பித்தளைக் குழாயும், எவர்சில்வர் டம்ளரும், கத்தரிக்கோலும்கூட அப்பாவுக்கு ஆகவில்லை. மழைக்காற்று முகத்தில் பட்டால் தொண்டை அடைப்பதுபோல இருக்கும், மூச்சு நின்றுவிடும் என்ற பயம் வரும். அந்தச் சமயத்தில் மூச்சு உண்மையில் தடைபடுவதில்லை, தொண்டை நரம்பு அப்படி உணரவைக்கிறது என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வெந்நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கவைத்தோம், சரியானது. சாப்பாட்டின் முதல் வாயில் தாடை பிடித்துக்கொள்ளும். இரண்டு வாய் மென்றபின் விட்டுவிடும். இதுவும் மருந்தின் வேலைதான்.

அப்பா பனியன் துணியில் தனக்குத் தானே கையுறை தைத்துக்கொண்டார். விரல் அசைய இடம் விட்டு, மணிக்கட்டில் ரப்பர் வைத்து. டே கேர் வார்டில் அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்க, மிச்சத் துணியில் அவர்களுக்கும் தைத்துக் கொடுத்தார். வார்டில் ஏ.சி. நேராக மேலே அடிக்கும் கட்டிலை வேண்டாம் என்று சொல்லுங்கள், போர்வையும் பிளாஸ்க்கில் வெந்நீரும் எடுத்துப் போங்கள். போர்ட் இல்லாமல் கை நரம்பிலேயே ஆக்சாலிபிளாட்டின் ஏற்றினால் கை முழுவதும் வலிக்கும். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுப்பதும், மருந்து இறங்கும் வேகத்தைக் குறைப்பதும் உதவும். பல சைக்கிள், அதாவது பல தடவைக் கீமோ, போன பிறகும் திடீரென்று ஒவ்வாமை வரலாம். ஏறிக்கொண்டிருக்கும்போது உள்ளங்கை அரித்தாலோ, முகம் சிவந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

குளிரால் வருவது சில நாளில் போய்விடும். பயப்பட வேண்டியது அடுத்த வகைக்குத்தான். மருந்து உடம்பில் சேரச் சேர விரல் நுனியும் பாதமும் குளிர் படாமலே, விடாமல் மரக்கத் தொடங்கும். மொத்த அளவு, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 800 மில்லிகிராமை ஒட்டி வரும்போது 100க்கு 10 முதல் 15 பேருக்கு அன்றாட வேலையே தடைபடும் அளவுக்கு அது முற்றுகிறது. கேப்பாக்ஸில் ஒரு தடவைக்கு 130 மில்லிகிராம், ஃபோல்ஃபாக்ஸில் 85. நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்ட கேள்வி, "சட்டைப் பொத்தான் போட முடியுதா?" அப்பாவிடம் அதற்கு மேலான சோதனை இருந்தது. ஊசியில் நூல் கோக்க முடிகிறதா, பட்டுத் துணிக்கும் பாலியெஸ்டருக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவிப் பார்த்து, "மங்குதும்மா" என்று ஒருநாள் சொன்னார். அந்த வார்த்தையை அப்படியே மருத்துவரிடம் சொன்னோம். அடுத்த சைக்கிளிலிருந்து ஆக்சாலிபிளாட்டினை நிறுத்திவிட்டார்.

இங்கேதான் பல வீடுகளில் தகராறு. "பாதியில நிறுத்தினா நோய் திரும்ப வளந்துராதா? சொல்லாம இருந்துருவோம்" என்று நோயாளியே மறைக்கிறார். என் சித்தப்பாவும் அப்பாவிடம் அப்படித்தான் சொன்னார். பரவிய நோயில் ஆக்சாலிபிளாட்டினைக் குறிப்பிட்ட சைக்கிளோடு நிறுத்தி, மற்றதை மட்டும் தொடர்வது பின்வாங்கல் இல்லை. அது ஆய்வு செய்து நிறுவப்பட்ட வழி. 2006இல் பிரான்சில், ஆறு சைக்கிளுக்குப் பின் ஆக்சாலிபிளாட்டினை நிறுத்திப் பிறகு தேவைப்பட்டபோது திரும்பக் கொடுத்தவர்களையும், விடாமல் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். நோயைக் கட்டுப்படுத்துவதில் குறைவு தெரியவில்லை. நெதர்லாந்தில் 2015இல் வெளியான ஆய்வில், கேப்பாக்ஸும் பெவசிசுமாப்பும் ஆறு சைக்கிள் முடிந்த பின் சும்மா விடாமல் கேப்சைடபின், பெவசிசுமாப் இரண்டை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு நோய் கூடுதல் காலம் கட்டுக்குள் இருந்தது. அப்பாவுக்குச் செய்தது இதைத்தான்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆக்சாலிபிளாட்டினை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் மரப்பு கூடும். அதற்கப்புறம்தான் மெதுவாகக் குறையும். "லேசா மரக்குது, இன்னும் ரெண்டு சைக்கிள் தாங்கும்" என்று கணக்குப் போட்டால் உண்மையான பாதிப்பு அதையும் தாண்டிப் போகும். கால்சியம், மெக்னீசியம் ஏற்றினால் மரப்பு வராது என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். 2014இல் வந்த ஆய்வு அதில் பலனில்லை என்று காட்டிவிட்டது. வலியோடு கூடிய மரப்புக்கு டுலாக்ஸெடின் ஓரளவு கேட்கும், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடலாம். அப்பாவுக்கு வலது கை பெரும்பாலும் திரும்பிவிட்டது. இடது பாதத்தில் மட்டும் இன்னும் செருப்பு நழுவுவது தெரிவதில்லை. அதனால் பின்வார் வைத்த செருப்பு போட்டுக்கொள்கிறார்.

கேப்சைடபின் மாத்திரைதானே என்று லேசாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது வீட்டில் நடக்கும் கீமோ. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் தண்ணீரோடு முழுசாக விழுங்க வேண்டும், 14 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். தினசரிக் காலண்டரில் அம்மா சிவப்பு மையில் வட்டம் போட்டுவைத்தார். ஃபோலிக் ஆசிட் கலந்த சத்து மாத்திரைகள் இதன் நச்சைக் கூட்டக்கூடும், கேட்காமல் சேர்க்காதீர்கள். சாப்பிடும் நாட்களில் நெஞ்சு வலி வந்தால் வாயு என்று இருந்துவிடக் கூடாது. இந்த மருந்து இதய ரத்தக்குழாயைச் சுருக்குவதுண்டு. சிலருக்குப் பிறவியிலேயே இந்த மருந்தை உடைக்கும் நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு முதல் சைக்கிளிலேயே வாய் முழுவதும் புண், கடும் வயிற்றுப்போக்கு என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஐரோப்பிய மருந்து முகமை 2020இல், சிகிச்சைக்கு முன் இதற்கான டி.பி.டி. சோதனை செய்யப் பரிந்துரைத்தது. இங்கே எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதில்லை, ஆனால் கேட்டுப் பார்க்கலாம். சோதனை செய்யாவிட்டால் முதல் சைக்கிளில் கூடுதல் கண் வைத்திருங்கள்.

கேப்சைடபினின் தனிக்குணம், கையும் பாதமும் சிவந்து, எரிந்து, தோல் உரிவது. உரசலும் சூடும் படும் இடத்தில்தான் அது அதிகம். அப்பாவுக்குத் தையல் மிஷினின் மிதி உள்ளங்காலில் உரசும் இடம் முதலில் போனது. மிஷினுக்கு மோட்டார் வைத்தோம், அத்தோடு பாதம் பாதி ஆறியது. யூரியா கலந்த கிரீமைக் காலை, இரவு தடவினோம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2024இல் ஓர் அருமையான விஷயத்தைக் காட்டியிருக்கிறார்கள். வலிக்குத் தடவுகிற டைக்ளோஃபெனாக் 1% ஜெல்லை ஆரம்பத்திலிருந்தே கையில் தடவியவர்களில், தொந்தரவு தரும் அளவுக்கு இது முற்றியது 100க்கு 4 பேருக்கும் குறைவு. வெறும் ஜெல் தடவியவர்களில் 15 பேர். ஆய்வு நடந்தது நம் நாட்டில், மருந்து எந்தக் கடையிலும் கிடைப்பது. மருத்துவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். இன்னொன்று, விரல் ரேகை அழிந்துபோகலாம். ரேஷன் கடையில் அப்பாவின் ரேகை விழாமல் போனது. கார்டில் உள்ள இன்னொருவர் போய் வாங்கினால் முடிந்தது. ஆனால் ஓய்வூதியம், வங்கி, காப்பீடு என்று ரேகை வைக்க வேண்டிய வேலைகள் இருந்தால் கீமோவுக்கு முன்பே முடித்துவிடுங்கள், மருத்துவரிடம் ஒரு சான்றுக் கடிதமும் வாங்கிவையுங்கள்.

பெவசிசுமாப்பைப் பற்றிச் சுருக்கமாக: ரத்த அழுத்தம் ஏறும், மூக்கில் ரத்தம் வரும், காயம் ஆறத் தாமதமாகும். பல் பிடுங்குவதாக இருந்தால்கூட மருத்துவரிடம் சொல்லித் தேதி வாங்க வேண்டும். திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி வந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம், வீட்டில் காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு யாரும் சொல்லாத ஒன்றும் உண்டு. வாந்தி வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் சர்க்கரை தாறுமாறாக ஏறும். அப்பாவின் இன்சுலின் அளவை அந்த நாட்களுக்கு மட்டும் மாற்றிக் கொடுக்கச் சொல்லிச் சர்க்கரை மருத்துவரிடம் எழுதி வாங்கினோம். வாந்திக்கு ஒண்டான்செட்ரான் மட்டும் போதவில்லை என்றால் ஓலன்சபின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வில் 2.5 மில்லிகிராம் என்ற சின்ன அளவே, 10 மில்லிகிராமைப் போல வாந்தியை அடக்கியது, தூக்கக் கலக்கமும் குறைவாக இருந்தது. வாந்தியைப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை. கேட்டு வாங்குங்கள்.

ஒரு வருடத்துக்கும் மேல் கட்டுக்குள் இருந்த நோய் பிறகு ஸ்கேனில் வளர்ந்து தெரிந்தது. நோய் கூடுவதைக் காட்டும் சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை அளவு அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. அடுத்தது ஃபோல்ஃபிரி. இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டாவதாகப் போடும் மருந்தில் கட்டி பெரிதாகச் சுருங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முன்பு சொன்ன பிரான்ஸ் ஆய்வில், ஃபோல்ஃபாக்ஸுக்குப் பின் ஃபோல்ஃபிரி போட்டவர்களில் கட்டி நன்றாகச் சுருங்கியது 100க்கு 4 பேருக்குத்தான். ஆனால் வளராமல் நிற்பதும் பலன்தான். "அப்படியே இருக்கு" என்று ரிப்போர்ட் வந்தால் வருத்தப்படாதீர்கள். இந்தக் கட்டத்தில் அது நல்ல செய்தி.

நெஞ்சில் போர்ட் வைத்து, 46 மணி நேர பம்பை இடுப்புப் பையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். பையையும் அப்பாவே தைத்தார். இரினோடீகானில் வயிற்றுப்போக்கு இரண்டு வகை. ஏறும்போதே அல்லது அன்றைக்கே வியர்த்து, வாயில் எச்சில் ஊறி, வயிற்றைப் பிசைந்து போவது ஒன்று. அதற்கு அட்ரோபின் ஊசி போட்டால் நின்றுவிடும். ஒரு நாள் கழித்து எப்போது வேண்டுமானாலும் வருவது இரண்டாவது. ஆபத்து அதில்தான். லோபரமைடை முதல் முறை நீர்த்துப் போனவுடனே 4 மில்லிகிராம், பிறகு இரண்டு மணிக்கொரு தடவை 2 மில்லிகிராம், 12 மணி நேரம் போகாமல் இருக்கும்வரை, என்று எழுதிக் கொடுத்தார்கள். சாதாரணப் பேதிக்குச் சாப்பிடும் அளவைவிட இது கூடுதல், மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டு மறுத்தார், சீட்டைக் காட்டிய பிறகே கொடுத்தார். ஆகவே முன்பே வாங்கி வீட்டில் வையுங்கள். ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி, மோர் என்று கூடவே ஓட வேண்டும். ஒரு நாளில் அடங்காவிட்டாலோ, காய்ச்சல் சேர்ந்துகொண்டாலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

காய்ச்சலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம். 100.4 டிகிரியைத் தொட்டால் கீமோ நோயாளிக்கு அது அவசரம், விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. அளந்து பார்க்கும் முன் பாரசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும், உள்ளே கிருமி ஏறிக்கொண்டே இருக்கும். ஃபோல்ஃபிரியின் தொடக்கத்தில் ஓர் இரவு அப்பாவுக்கு 101. மதுரை போக நேரமில்லை என்று பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். மாத்திரை கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். எங்கள் மருத்துவர் முதல் நாளே ஒரு கடிதம் கொடுத்திருந்தார்: இவர் இன்ன கீமோவில் இருக்கிறார், காய்ச்சலோடு வந்தால் உடனே ரத்த அணு எண்ணிப் பார்த்து இன்ன ஆன்டிபயாட்டிக்கை நரம்பில் தொடங்கவும், என்னை இந்த எண்ணில் கூப்பிடவும் என்று. அதைக் காட்டினோம், உடனே தொடங்கினார்கள். காலையில் பார்த்தால் வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் 500க்கும் கீழே. அந்த மாதிரி ஒரு கடிதத்தை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் பையில் எப்போதும் வைத்திருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வீர்கள் என்றால் அதைச் செய்யுங்கள்.

அதன்பின் இரினோடீகான் அளவைக் குறைத்தார்கள். மறுபடியும் சித்தப்பாவுக்குக் கவலை. நான் அவருக்குச் சொன்னது பிரிட்டனில் 2011இல் வந்த ஆய்வைப் பற்றி. வயதான, உடம்பு தளர்ந்த நோயாளிகளுக்கு அங்கே ஆரம்பத்திலேயே 80% அளவில் கீமோ தொடங்கி, தாங்கினால் கூட்டினார்கள். முழு அளவில் ஒரு சைக்கிள் போட்டு ஒரு மாதம் படுத்துக்கிடப்பதைவிட, குறைந்த அளவில் தவறாமல் போடுவது மேல். எங்கள் வீட்டில் பார்த்ததும் அதுவே.

நாட்டு மருந்து பற்றியும் கேட்பார்கள். "கீமோ எல்லாம் கெமிக்கல், மூலிகைல குணமாயிரும்" என்று சொல்லி நடுவில் நிறுத்தியவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். பலர் நோய் முற்றித் திரும்பி வந்தார்கள். இரினோடீகானே ஒரு மரத்திலிருந்து வந்ததுதான். 1966இல் சீன மரம் ஒன்றின் பட்டையிலிருந்து கேம்டோதீசினைப் பிரித்தெடுத்தார்கள், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலும் அந்தப் பொருள் இருக்கிறது. நேரடியாகக் கொடுத்தால் நச்சு தாங்காது என்பதால் அதை மாற்றியமைத்து, அளந்து, பல்லாயிரம் பேரிடம் சோதித்துக் கொண்டுவந்தார்கள். அளவு தெரியாத கஷாயத்தைக் கீமோவோடு சேர்த்துக் குடித்துக் கல்லீரல் கெட்டால், அடுத்த சைக்கிளே தள்ளிப்போகும்.

செலவைப் பற்றி ஒரு வரி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம்வரை கிடைக்கிறது. அட்டை இல்லாவிட்டால் நோய் தெரிந்த அன்றே விண்ணப்பியுங்கள். திட்டத்துக்குள் எந்த மருந்து வரும், எது வராது என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவியாளரிடம் மருந்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெவசிசுமாப் போன்றவற்றுக்கு இந்தியாவிலேயே தயாராகும் பயோசிமிலர்கள், அதாவது அதேபோல வேலை செய்யும் வேறு கம்பெனி மருந்துகள், விலை குறைவு, எங்கள் மருத்துவர் தயங்காமல் அவற்றையே எழுதினார்.

இப்போது அப்பா குறைந்த அளவு ஃபோல்ஃபிரியில் இருக்கிறார். கடைசி ஸ்கேனில் வளர்ச்சி இல்லை. முடி கொட்டிவிட்டது, அது அவருக்குப் பெரிய விஷயமில்லை. வலி, களைப்பு, தூக்கம் இவற்றைப் பார்க்கத் தனியாக ஒரு வலி நிவாரண மருத்துவரிடமும் போகிறோம். அந்தப் பிரிவுக்கு அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்பாவுக்குப் பசி திரும்பியது அவர்கள் கொடுத்த யோசனையால்தான். ஃபோல்ஃபிரியும் கேட்காமல் போனால் அடுத்து என்ன என்பதையும் பேசிவைத்திருக்கிறோம். ட்ரைஃபுளூரிடின்-டிபிராசில் மாத்திரையோடு பெவசிசுமாப் சேர்த்தால் வாழ்ந்த காலத்தின் இடைநிலை 10.8 மாதம், மாத்திரை மட்டும் என்றால் 7.5 மாதம் என்று 2023இல் ஆய்வு வந்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அப்போது பார்த்து முடிவு செய்வேன் என்கிறார் அப்பா. முடிவு அவருடையதுதான் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

தீபாவளி நெருங்குகிறது, கடையில் துணி குவிந்துகொண்டிருக்கிறது. போன வாரம் அப்பாவே கேட்டார், "டாக்டரம்மா, தீபாவளிக்கு முந்தின ஊசிய ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கலாமா?" ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அவர் சரி என்றார். புதிய தேதியை அம்மா காலண்டரில் மாற்றி எழுதியாயிற்று. பண்டிகை முடிந்த மறுவாரம் ஸ்கேன், அதன்பின் அடுத்த சைக்கிள்.